ரோஸ்வுட் கிதாருக்கு நைட்ரோ லாக்கர்: சாம்பிள் பலகையில் மூன்று கோளாறு, இனி கிதாரில் கை வைக்கலாமா?

ஆறாம்கம்பி:

வணக்கம். ஸ்ப்ரூஸ் டாப் (மேற்பலகை), பின்பலகையும் பக்கமும் ரோஸ்வுட் (நம் ஈட்டிதான்), மஹோகனி நெக், மேப்பிள் பைண்டிங் (பாடியின் ஓரத்தைச் சுற்றி ஒட்டும் பட்டை). நெக் போல்ட்டில் மாட்டுவது, அதனால் தனியாகவே அடிக்கலாம். பாடி முழுக்க 220 நம்பர் உப்புத்தாள் வரை தேய்த்தாயிற்று. பூசுவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், சுருக்கமாக நைட்ரோ, தின்னர் ஆவியாகிக் காயும் தெளிவான மரப்பூச்சு. ஸ்ப்ரே கன் எச்விஎல்பி (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றோடு அடிக்கும் வகை), முனை 1.4 மி.மீ.

நேராகக் கிதாரில் அடிக்காமல், மிச்சம் விழுந்த துண்டுகளை ஒட்டி ஒரு சாம்பிள் பலகை செய்து பார்த்தேன். சாண்டிங் சீலர் (லாக்கருக்கு அடியில் போட்டுத் தேய்க்கும் பூச்சு) மூன்று கோட், மேலே லாக்கரும் தின்னரும் சமபாகம் கலந்து ஆறு கோட். எல்லாம் ஒரே நாளில், கோட்டுக்குக் கோட் அரை மணி இடைவெளி. அன்று காற்றின் ஈரப்பதம் 78 சதவீதம்.

நாலாவது கோட்டில் ஒரு பக்கம் பால் கொட்டியது போல் வெளுத்துவிட்டது. மேப்பிள் பைண்டிங் ஓரமெல்லாம் ஊதாவும் பழுப்புமாகக் கறை. அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்த ஈட்டிப் பரப்பை, பன்னிரண்டாம் நாள் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் மரத்தின் நுண்துளைகள் திரும்பத் தலைகாட்டுகின்றன, ஊசியால் கீறிவிட்டது போல.

மூன்றும் ஒரே தவறா, வேறு வேறா? கிதாருக்கு மொத்தம் எத்தனை கோட்? பிரிட்ஜ் (டாப்பில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) ஒட்டும் இடத்தை இப்போதே மறைக்கணுமா, பிறகு சுரண்டிக்கொள்ளலாமா?


தச்சுக்கோல்:

வேறு வேறு. அவசரம் மட்டும் மூன்றுக்கும் பொது.

முதலில் வெளுப்பு. தின்னர் ஆவியாகும்போது பரப்பின் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். பரப்பு குளிர்ந்ததும், குளிர்ந்த சொம்பில் வேர்ப்பது போல, காற்றின் ஈரம் காயாத லாக்கர் மேல் படிந்துவிடும். மேலே படலம் மூடிக்கொண்டால் அந்த ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதைத்தான் லாக்கர் பூத்துப்போச்சு என்கிறோம். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினாலே கவனம் வேண்டும், 75க்கு மேல் கன்னைத் தொடாதீர்கள். இடைப்பட்ட நாளில் ரிடார்டர் உதவும், கலவையில் 5 முதல் 10 சதவீதம். அது ஆவியாவதைத் தாமதப்படுத்தி, ஈரம் வெளியேற நேரம் கொடுக்கும். அதற்கு மேல் ஊற்றினால் படலம் நாள்கணக்கில் மெத்தென்று கிடக்கும். ஏசி அறையில் இருந்த கிதாரை நேராக வெளியே கொண்டுவந்து அடித்தாலும் இதே கதைதான், மரமே குளிர்ந்திருக்கிறதே. கம்ப்ரசர் டேங்கில் சேர்ந்த தண்ணீரை அடிக்கும் முன் திறந்து விடுங்கள். கன்னுக்குப் பக்கத்தில் ஒரு ஈரவடிகட்டியும் வேண்டும்.

அடுத்தது கறை. ஈட்டியின் நிறம் தின்னரிலும் கரையும், ஆல்கஹாலிலும் கரையும். முதல் கோட்டையே ஈரமாக அடித்தால் நிறம் அப்படியே கிளம்பி மேப்பிளில் ஏறும், ஸ்ப்ரூஸ் வரைக்கும் போகும். ஒரு கிராம் நிறம் போதும், வெள்ளை மரத்தைக் கெடுக்க. அதற்கு வழி: மெழுகு நீக்கிய ஷெல்லாக் (அரக்கு), 100 மி.லி. ஆல்கஹாலுக்கு 12 கிராம். சின்னத் தூரிகையைத் தோய்த்து நன்றாக வடித்துவிட்டு பைண்டிங், அதை ஒட்டிய அலங்காரக் கோடான பர்ஃப்ளிங், ஒலித்துளையைச் சுற்றிய அலங்கார வளையமான ரோசெட் மீது மட்டும் இரண்டு முறை. தூரிகை ஈட்டியைத் தொட்டுவிட்டு மேப்பிளுக்குத் திரும்பக் கூடாது. டாப் முழுவதற்கும் அதே ஷெல்லாக் ஒரு கை. தேய்த்த தூளை ஊதியும் உறிஞ்சியும் எடுங்கள். தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் ஈட்டித் தூள் ஸ்ப்ரூஸின் ரேகைக்குள் இறங்கிவிடும், பிறகு அது வராது.

மூன்றாவதுதான் உங்கள் பலகையின் நிஜமான பிரச்சினை. சாண்டிங் சீலர் துளை நிரப்பும் பொருள் அல்ல. அதில் துத்தநாக ஸ்டியரேட் இருக்கிறது. உப்புத்தாளில் பொடிப்பொடியாக உதிர்ந்து சுலபமாகத் தேய்வது அதனால்தான், ஆனால் படலம் மிருது. கனமாக ஏற்றினால் மேலே வரும் கடினமான லாக்கருக்குக் கீழே மெத்தை விரித்த மாதிரி. அதோடு லாக்கரில் பெரும்பகுதி ஆவியாகிப் போகிற திரவம். துளைக்குள் போன தின்னர் வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருக்கும், படலமும் கூடவே உள்ளே இறங்கும். பன்னிரண்டாம் நாள் தெரிந்ததே நல்லது. பாலிஷ் போட்ட பிறகு தெரிந்திருந்தால்?

ஈட்டிக்கும் மஹோகனிக்கும் மெதுவாக இறுகும் தெளிவான எபாக்சியை (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பிசின்) பரிந்துரைப்பேன். பழைய பிளாஸ்டிக் கார்டால் ரேகைக்கு 45 டிகிரி சாய்வில் அழுத்தி இழுங்கள். துளைக்குள் போனால் போதும், மேலே நிற்கவே கூடாது. ஒரு நாள் முழுக்க விட்டு 220, பிறகு 320இல் மரம் தெரியும் வரை தேய்த்து, மறுபடி ஒரு முறை. ஈட்டிக்குப் பெரும்பாலும் மூன்று சுற்று ஆகும். முழுசாக இறுகாத எபாக்சியின் தூள் தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், கையுறை இல்லாமல் தேய்க்காதீர்கள். ஸ்ப்ரூஸுக்கு எந்த நிரப்பலும் வேண்டாம்.

வரிசை: பைண்டிங்குக்கும் டாப்புக்கும் ஷெல்லாக், ஈட்டிக்கு எபாக்சி, தேய்ப்பில் பைண்டிங் மேல் ஷெல்லாக் போயிருந்தால் மறுபடி ஷெல்லாக், பிறகு மொத்த பாடிக்கும் வினைல் சீலர் மெல்லிசாக இரண்டு கோட், அதன் மேல்தான் லாக்கர். ஈட்டியின் எண்ணெய்ப்பசை லாக்கரைக் காயவிடாமல் இழுத்தடிக்கும். வினைல் சீலர் நடுவில் தடுப்பாக நிற்கும்.


கருங்காலி:

மேலே சொன்னதுல ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன். தேய்ச்சு முடிஞ்ச பாடியை நாஃப்தா (பெட்ரோல் மாதிரி சட்டுனு ஆவியாகிற கரைப்பான்) நனைச்ச துணியால ஒரு தடவை ஈரமாக்கிப் பாருங்க, தனித்தனித் துணி, ஈட்டிக்கு வேற, ஸ்ப்ரூஸுக்கு வேற. பசை கசிஞ்ச இடம் வெளிறித் தெரியும், குறுக்குக் கீறல் எல்லாம் காட்டிக்கொடுத்துடும். நாஃப்தா ஈட்டி நிறத்தைத் தின்னர் அளவுக்குக் கிளப்பாது. இந்தச் சோதனையை விட்டுட்டு லாக்கர் அடிச்சா, பசைத் திட்டு ஆயுசுக்கும் அங்கேயே இருக்கும்.

பைண்டிங் ஓரத்தை ரொம்பக் கூரா விட்டிருந்தா கொஞ்சம் மழுக்குங்க, அரை மி.மீ வளைவு போதும். திரவம் கூரான விளிம்புல நிக்காது, ரெண்டு பக்கமும் விலகி ஓடும். கடைசியில தேய்க்கும்போது முதல்ல மரம் தெரியறது அங்கதான்.

எத்தனை கோட்னு கேட்டீங்க. கோட் எண்ணாதீங்க, கனத்தை அளங்க. பாடிக்குப் பக்கத்துல ஒரு அலுமினியத் துண்டைத் தொங்கவிட்டு ஒவ்வொரு கோட்டும் அதுக்கும் அடிங்க. காஞ்சதும் மைக்ரோமீட்டர்ல அளந்து, வெறும் துண்டோட கனத்தைக் கழிச்சாப் படலத்தோட கனம் வந்துடும். துண்டுல 0.16 மி.மீ சேர்ந்ததும் நிறுத்திடலாம். சமபாகம் கலந்தா ஒன்பது, பத்து கோட்ல அந்த இடத்துக்கு வந்துடுவீங்க. மட்டம் தட்டித் தேய்ச்சு பாலிஷ் போட்டதும் டாப்ல 0.1 மி.மீ ஒட்டி நிக்கணும். பின்பலகையில 0.13 வரைக்கும் பரவாயில்லை.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்னு கேட்டா கணக்கு இதுதான். பெரிய பாடி கிதார் டாப் பரப்பு ஏறக்குறைய 0.15 சதுர மீட்டர். 0.1 மி.மீ படலம்னா 15 முதல் 20 கிராம். 0.3 மி.மீ ஏத்தினா 50 கிராமைத் தாண்டும். பிரேஸ் (அடியில ஒட்டுற தாங்கு சட்டம்) இல்லாம 2.8 மி.மீ ஸ்ப்ரூஸ் பலகையே 175 கிராம் சுத்தித்தான் இருக்கும், அது தலையில கால்வாசிக்கு மேல சுமை ஏத்துறீங்க. அதோட கனத்த நைட்ரோ, வருஷம் போகப் போக இறுகி, குளிர்லேந்து திடீர்னு சூட்டுக்கு வந்தா வலைவலையா வெடிக்கும்.

அடிக்கிற முறை: ஒரு நாளைக்கு மூணு கோட், நடுவுல குறைஞ்சது ரெண்டு மணி நேரம். மறுநாள் காலையில 400ல லேசா மேடு மட்டும் தட்டிட்டு அடுத்த மூணு. ஆறாவது கோட்டுக்கு அப்புறம் ஒரு நாள் முழுசா விட்டு, கட்டை வெச்சு 400ல மட்டம் பண்ணுங்க. பளபளன்னு தெரியற புள்ளியெல்லாம் பள்ளம். எல்லாமே மங்கலானா மட்டம். பள்ளம் ரெண்டு மூணு இருந்தா விடுங்க, அடுத்த கோட் பாத்துக்கும், அதைத் துரத்திப் போய்ச் சுத்தி இருக்கிறதைத் தேய்ச்சுடாதீங்க. கடைசி கோட்ல மட்டும் தின்னர் கொஞ்சம் தூக்கல்.

கன் 15 முதல் 20 செ.மீ தூரம், பரப்புக்கு நேரா, மணிக்கட்டைச் சுழட்டாம தோளை நகர்த்தி. ஒவ்வொரு வீச்சும் முந்தின வீச்சோட பாதி மேல விழணும். முதல்ல விளிம்பு, அப்புறம் பக்கம், பின்பலகை, கடைசியா டாப். அப்பத்தான் தூசுச் சாரல் காஞ்ச டாப் மேல விழாது. கலவை கெட்டியாவோ கன் தூரமாவோ இருந்தா ஆரஞ்சுத் தோல் மாதிரி வரும், ரொம்பக் கிட்டப் போனா வழியும். வழிஞ்சா உடனே கை வைக்காதீங்க. ரெண்டு நாள் காயவிட்டு, பிளேடோட ரெண்டு முனையிலும் டேப் சுத்தி, நடுப்பகுதியால சீவினா மேடு மட்டும் போயிடும், பக்கத்துப் பரப்பு பிழைச்சுக்கும்.

நைட்ரோவுல ஒரு சௌகரியம், புதுக் கோட் பழசைக் கரைச்சு ஒண்ணாயிடும். நடுவுல மரம் தெரிஞ்சாக்கூட அந்த இடத்துல அடிச்சு மூடிக்கலாம், ஒட்டுப்போட்ட கோடு தெரியாது.


ஆறாம்கம்பி:

இருவருக்கும் நன்றி. அலுமினியத் துண்டு யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். கார் வேலைக்கான டூகே கிளியரை (ஹார்டனர் கலந்து இறுக வைக்கும் பூச்சு) அடித்தால் இந்தக் காயும் காத்திருப்பெல்லாம் இல்லை என்கிறார்களே? பிரிட்ஜ் கேள்விக்கும் பதில் வேண்டும். அப்புறம், பூத்துப்போன சாம்பிளைக் காப்பாற்ற முடியுமா என்றும் பார்க்க ஆசை.


ஸ்ப்ரூஸ்பிரியன்:

பிரிட்ஜ் பற்றி நான் சொல்கிறேன். லாக்கர் மேல் ஒட்டிய பிரிட்ஜ் மரத்தோடு ஒட்டியதல்ல. ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்குப் பக்கத்தில் இழுக்கும்போது அது லாக்கரையே உரித்துக்கொண்டு கிளம்பும். எனவே மரம் வெறுமையாக இருந்தே ஆக வேண்டும், கேள்வி எப்போது என்பது மட்டும்தான்.

மறைப்பது நல்லது. லாக்கருக்கு முன்பே நெக்கை மாட்டி, நடுக்கோட்டையும் சேடில் (பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் மெல்லிய துண்டு) தூரத்தையும் சரிபார்த்து பிரிட்ஜை வைத்து, பென்சிலால் அல்ல, இரண்டு சின்ன ஊசித்துளையால் இடத்தைக் குறியுங்கள். ஊசித்துளை சேடில் பள்ளத்துக்கு அடியில் வந்தால் பிறகு தெரியாது. பசை மென்மையான மாஸ்கிங் டேப்பை பிரிட்ஜின் வடிவத்தைவிடச் சுற்றிலும் 1 மி.மீ சின்னதாக வெட்டி ஒட்டுங்கள். வெட்டுவதைத் தனி அட்டையில் வைத்து வெட்டுங்கள், டாப் மேல் வைத்து வேண்டாம். ஸ்ப்ரூஸின் நார் மயிரிழை ஆழம் அறுந்தாலும் பிற்காலத்தில் பிரிட்ஜின் பின்விளிம்பு அங்கிருந்துதான் வாய் பிளக்கும். ஃப்ரெட்போர்டின் (நெக் மேல் விரல் பதிக்கும் பலகையின்) நுனி டாப்பில் உட்காரும் இடத்துக்கும் இதே வேலை. டாப்புக்கு ஷெல்லாக் கொடுக்கும்போதே இந்த டேப் இருக்க வேண்டும். ஒலித்துளைக்குள் பலூனை ஊதி அடைத்தால் சாரல் உள்ளே போகாது.

பாலிஷ் எல்லாம் முடிந்த பிறகு பிரிட்ஜை வைத்து, ஓரத்தைக் கூரான கத்தியால் லாக்கர் அளவுக்கு மட்டும் கீறி, டேப்பை எடுத்து, எஞ்சிய அந்த 1 மி.மீ வரப்பை உளியால் தட்டையாகச் சீவுங்கள். அதையும் கீற பயமாக இருந்தால் இன்னொரு வழி: பிரிட்ஜின் அடிவிளிம்பைச் சுற்றி படலத்தின் கனத்துக்கு, அதாவது 0.1 மி.மீ சொச்சம் ஆழத்தில், 1 மி.மீ அகலப் படி எடுத்துவிட்டால் விளிம்பு லாக்கர் மேல் உட்காரும், நடுவெல்லாம் மரத்தோடு மரம். கத்தியே தேவையில்லை. எனக்கு இதுதான் பிடித்த வழி.

டேப்பை வாரக்கணக்கில் விட்டால் ஓரத்தில் லாக்கர் பிடித்துக்கொள்ளும். பிய்க்காதீர்கள், ஓரத்தைக் கீறிவிட்டு, டேப்பைத் தன் மேலேயே மடக்கி இழுங்கள். சில்லு தெறிக்காது.


தச்சுக்கோல்:

டூகே வேண்டாம் என்று சொல்வது பழமைப்பித்து அல்ல. அதன் ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் உண்டு. அதற்கு வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி வேண்டும், வீட்டுப் பட்டறையில் சாதாரண கார்ட்ரிட்ஜ் (வடிகட்டி) முகமூடியை நம்பக் கூடாது. தேய்க்கையில் ஒரு கோட்டைத் துளைத்து அடுத்ததற்குப் போனால் வரைபடக் கோடு மாதிரி வளையம் தெரியும், ஏனென்றால் கோட்டுகள் ஒன்றோடொன்று கரைவதில்லை. பத்து வருஷம் கழித்து ஒரு கீறலைச் சரிசெய்வதும் பெரும்பாடு.

நைட்ரோவும் சாது இல்லை. ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து பக்கத்து அறையின் அடுப்பு வரை போகும். தீப்பொறி வரக்கூடிய சாதாரண ஃபேனைச் சாரல் வழியில் வைக்காதீர்கள், பொறி வராத மோட்டார் உள்ளதுதான் வேண்டும். முகத்துக்குக் கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் முகமூடி, முன்னால் தூசு வடிகட்டியோடு. தாடி இருந்தால் ஓரம் அடைக்காது. தூசுக்கான துணி முகமூடி இதற்குச் சல்லிக் காசு பிரயோஜனமில்லை. லாக்கர் தேய்த்த தூளும் துணியும் சட்டென்று பற்றிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

பூத்த சாம்பிளைக் காப்பாற்றலாம். வறண்ட நாளில் ரிடார்டர் கலந்த தின்னரை மெல்லிய பனி போல ஒரே ஒரு தடவை ஊதுங்கள். படலம் இளகி, ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும். அதன் மேல் புது லாக்கர் போட்டு மூட நினைக்காதீர்கள். அப்படி மூடிய வெளுப்புக்குப் பிறகு தேய்த்து எடுப்பதுதான் ஒரே வழி. பைண்டிங் கறையைக் கூரான சீவுதகட்டால் லேசாகச் சீவினால் போகும், கறை ஆழமாக இறங்கியிருக்காது.


கருங்காலி:

கடைசி வேலையைப் பத்தி யாரும் சொல்லலை. அடிச்சு முடிச்சதும் மூணு வாரம், முடிஞ்சா நாலு, 20 முதல் 25 டிகிரிக்குள்ள காத்தோட்டமான இடத்துல தொங்க விடுங்க. ஒலித்துளைப் பலூனையும் எடுத்துடுங்க. ஓரமா மூக்கை வெச்சுப் பாத்தா தின்னர் வாசம் வரக்கூடாது. பிரிட்ஜுக்கு அடியில வரப்போற ஓரத்துல நகத்தை அழுத்தினா தடம் விழக்கூடாது. முன்னாடியே தேய்ச்சா துளை திரும்ப இறங்கும், நீங்க ஏற்கெனவே பாத்ததுதான்.

முதல் தாள் 800. அப்புறம் 1000, 1200, 1500, 2000. ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாத்துங்க, போன நம்பரோட கீறல் முழுக்கப் போச்சான்னு தெரியும். 800லேயே மட்டம் வந்துடணும், மீதி எல்லாம் அந்தக் கீறலை அழிக்கத்தான். ரப்பர் கட்டை வெச்சு, விளிம்பிலிருந்து அரை செ.மீ உள்ளேயே நின்னுக்குங்க, விளிம்பை 1500லேந்து வெறும் விரலால. தண்ணி போட்டுத் தேய்க்கிறவங்க நிறைய. ஆனா ஒலித்துளை ஓரத்துலயும் பிரிட்ஜ் இடத்துலயும் தண்ணி போனா ஸ்ப்ரூஸ் ஊதி, லாக்கர் மேல மேடு கட்டும். நாஃப்தாவோ டர்பன்டைனோ போட்டுத் தேய்ச்சா அந்தத் தொல்லை இல்லை, காஞ்ச நைட்ரோ அதுல கரையாது. ஜன்னலைத் திறந்து வெச்சுக்குங்க, அவ்வளவுதான்.

பாலிஷ் போடும்போது நுரைப் பஞ்சு பேட் ட்ரில்ல மாட்டி மெதுவேகம், முதல்ல நடுத்தர காம்பவுண்டு, பிறகு நுண்ணியது. ஒரே இடத்துல நிறுத்தினா சூட்டுல லாக்கர் இளகி, பேடோட தடமே அதுல பதிஞ்சுடும். கை வெச்சா இளஞ்சூடு தெரிஞ்சதும் அடுத்த இடத்துக்குப் போயிடுங்க. பெரிய சக்கரம் வெச்சிருந்தா, சக்கரம் கீழே சுழலுற பக்கத்துல விளிம்பைக் காட்டும்போது சக்கரம் எப்பவும் பைண்டிங்கை விட்டு விலகி ஓடணும், நோக்கி ஓடக்கூடாது. நோக்கி ஓடினா பாடியைக் கையிலேந்து பிடுங்கி எறிஞ்சிடும்.

இன்னொண்ணு, முடிஞ்ச கிதாரை மாட்டுற ஸ்டாண்டுல ரப்பரோ வினைலோ லாக்கர்ல படக்கூடாது. அதுல இருக்கிற பிளாஸ்டிசைசர் நைட்ரோவை இளக்கி, மறுநாள் காலையில தடம் பதிஞ்சிருக்கும். பருத்தித் துணி சுத்தி வைங்க. கை கழுவுற சானிடைசர் காயாம நெக்கைப் பிடிச்சாலும் அதே கதிதான்.


ஆறாம்கம்பி:

பிரிட்ஜுக்குப் படி எடுப்பதென்று முடிவு செய்துவிட்டேன். எபாக்சியை முதலில் அதே சாம்பிளின் பின்பக்கத்தில் மூன்று சுற்று போட்டு, மேலே நாலு கோட் அடித்து, ஒரு மாதம் விட்டுப் பார்க்கிறேன். துளை இறங்கவில்லை என்றால் கிதாருக்குப் போகிறேன்.


தச்சுக்கோல்:

சரியான வழி. அதே பலகையில் ஒரு பக்கத்துக்கு எபாக்சிக்கு மேல் வினைல் சீலரும், இன்னொரு பக்கத்துக்கு ஷெல்லாக்கும் போட்டுப் பாருங்கள். காய்ந்தபின் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்தால், எந்தப் பக்கம் சில்லு உரிகிறதோ அந்தப் பொருளை விட்டுவிடுங்கள்.